கூடைக்கு உண்டு நிறுவை, குத்தகைக்கு?

பதுளைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உழைப்பு நாள்தோறும் மடுவத்தில் நிறுக்கப்படுகிறது. விதித்த கிலோ குறைந்தால் அன்றே அரைப்பெயர். தவணையும் இல்லை, மேன்முறையீடும் இல்லை. செயற்றிறன் ஒப்பந்தம் என்று அறிஞர்கள் இன்று விதந்து பேசும் முறை, மலைநாட்டில் ஏழைக்கு மாத்திரம் நெடுங்காலமாக நடைமுறையில் இருந்து வருகிறது!

மேலிடத்தாருக்கு எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் கதை வேறு. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. அவற்றை நடத்திய இரண்டு அரச நிறுவனங்களும் பெருநட்டத்தில் ஆழ்ந்தன. 1992இல் அரசு 22 கம்பெனிகளை அமைத்து, நிர்வாகத்தை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் தனியார் முகவர்களிடம் கொடுத்தது. இலாபத்தைப் பொறுத்ததே அவர்களுடைய ஊதியம்.

ஓராண்டுக் குத்தகைக் காணியில் எந்தக் கமக்காரன் தென்னை நடுவான்? தேயிலைக் கன்றை நட்டுப் பலன் காணவே சில ஆண்டுகள் செல்லும். ஐந்தாண்டில் வெளியேற வேண்டிய முகவர் இருக்கும் செடியைப் பறித்து இலாபம் காட்டினால், அவர் ஒப்பந்தத்தை மீறியவரல்லர், நிறைவேற்றியவரே. பிழை எழுதிய கையில் இருந்தது. 1995 முதல் அரசு பெரும்பான்மைப் பங்குகளை விற்றுக் குத்தகையை 2045 வரை நீட்டியது. காலம் நீண்டது, மீள்நடுகையையும் லயங்களையும் ஆண்டுதோறும் நிறுக்கும் தராசு மட்டும் வரவில்லை.

இதன் விலை யாது? கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு அபாயம் உண்டென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது. 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடும்வரை மக்கள் அங்கேயே இருந்தனர். அபாயம் அறியப்படாததன்று. இத்தனை குடும்பங்களை இத்தேதிக்குள் இடம்பெயர்த்துக் குடியேற்றுவது இன்னாருடைய கடமை, தவறின் இன்ன தண்டம் என்று எழுதப்பட்டுக் கண்காணிக்கப்படவில்லை என்பதே குறை. ஒப்பந்தச் சட்டம் கற்ற எவருக்கும் இது விளங்கும்: கடமைப்பட்டவன் பெயரும் தவணையும் இல்லாத வாக்குறுதியை நீதிமன்றில் நிறுத்துவது கடினம்.

அயலில் இம்முறைக்கு முன்மாதிரி உண்டு. அர்ஜுன் சென்குப்தா குழுவின் பரிந்துரையை அடுத்து, இந்திய அரசு 1980களின் பிற்பகுதி முதல் தன் பொதுத்துறை நிறுவனங்களோடு ஆண்டுதோறும் இலக்குகளை எழுதி, முடிவில் தரம் பிரித்து மதிப்பிட்டது. அங்கும் எட்டுதற்கு எளிய இலக்குகளையே எழுதி வாங்கிக்கொண்டனர் என்ற குறை எழுந்தது. ஆகையால் இலக்கை யார் எழுதுகிறார் என்பது பெரிய கேள்வி. நம் தோட்டத்து ஒப்பந்தங்களில் அரசும் கம்பெனியும் கையொப்பமிட்டன. அங்கே வாழும் மக்கள் தரப்பே அன்று.

அரசிடம் ஆயுதம் இல்லாமலும் இல்லை. இக்கம்பெனிகளில் திறைசேரிச் செயலாளர் பெயரில் பொற்பங்கு ஒன்று உண்டு. கணக்கேடுகளைப் பார்வையிடும் உரிமை அதில் அடங்கும். அவ்வுரிமையைக் கொண்டு ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் அட்டவணை எழுதுக என்கிறோம்: எத்தனை ஹெக்டேயர் மீள்நடுகை, எத்தனை லயங்களுக்குப் பதில் வீடு, அபாய மலையடிவாரத்தில் எத்தனை குடும்பம், எந்தத் திகதிக்குள். தொழிலாளர் பிரதிநிதியின் கையொப்பமும் அதில் வேண்டும். ஆண்டு முடிவில் அது பதுளைக் கச்சேரியில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். தவறியவர்க்குப் பணத்தில் தண்டம் வேண்டும். அரைப்பெயர் அவர்களுக்கும் பழகட்டும்.

பசறையிலும் ஹாலிஎலவிலும் உள்ள ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் கொழும்பை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பம் எழுத ஒரு தாள் போதும். பொற்பங்கின் உரிமையைக் கொண்டு கடந்த பத்தாண்டில் எத்தனை முறை ஊவாத் தோட்டக் கணக்குகள் பார்வையிடப்பட்டன என்பது முதற் கேள்வியாக இருக்கட்டும்.