மின்னூட்ட நிலையம் யாருக்காக?



2025ஆம் ஆண்டுக்குள் நாடெங்கும் 10,000 பொது மின்னூட்டிகள் அமைக்கப்படும் என்று அரசு இலக்கு வைத்தது. 2024 இறுதியில் இருந்தவை ஏறத்தாழ 3,600 மட்டுமே. எண்ணிக்கை போதவில்லை என்று பலரும் குறைபட்டுக் கொண்டனர். இருப்பவை எங்கே நிற்கின்றன என்பதல்லவா முதலில் கேட்க வேண்டிய கேள்வி?

பெரும்பகுதி கிள்ளான் பள்ளத்தாக்கு போன்ற பெருநகர்ப் பகுதிகளில். நம் பக்கத்துக்கு வருவோம். 2021இல் ஷெல், போர்ஷே நிறுவனங்கள் சிங்கப்பூர் முதல் பினாங்கு வரை செல்வோருக்காக 180 கிலோவாட் விரைவு மின்னூட்டிகளை அறிவித்தபோது, தங்காக்கிற்கு அதில் இடம் கிடைத்தது. ஒரு காலத்தில் மூவார் மாவட்டத்துக்குள் இருந்த ஊர்தான். ஆயினும் அது நெடுஞ்சாலையில் கடந்து போவோருக்கான வசதி. வணிகர் அப்படித்தான் கணக்குப் பார்ப்பர், அதில் தவறில்லை. நகரைத் திட்டமிடுவோரும் அதே கணக்கில் மயங்கலாகாது.

புரோட்டோன் இ.மாஸ் 5 2025இல் ஏறத்தாழ 60,000 ரிங்கிட் தொடக்க விலையில் வெளிவந்தது. இனி இது செல்வந்தர் விளையாட்டுப் பொருளன்று, ஆசிரியரும் வாங்குவார். தரைவீட்டுக்காரர் வீட்டிலேயே மின்னேற்றிக் கொள்வார். அடுக்குமாடியின் நான்காம் மாடியில் குடியிருப்பவர் சன்னல் வழியே கம்பியைத் தொங்கவிடுவதா?

வண்டி நெடுநேரம் நிற்குமிடமே மின்னூட்டத்துக்கு ஏற்ற இடம். ஆசிரியர் வண்டி பள்ளியில் ஆறு மணி நேரம் சும்மா நிற்கிறது. சாதாரண 7 கிலோவாட் மின்னூட்டி அந்நேரத்தில் சுமார் 40 யூனிட் ஏற்றிவிடும். 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடலாம். விரைவு மின்னூட்டிக்கு வேண்டிய பெருஞ்செலவும் கனத்த மின்னிணைப்பும் இதற்கு வேண்டா. பள்ளி ஓரம், சந்தை, சுல்தானா பாத்திமா மருத்துவமனை, அடுக்குமாடி வாகன நிறுத்தம் என இடங்களுக்கா பஞ்சம்? (தாழ்ந்த நிலத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். 2023 மார்ச் வெள்ளத்தை ஜொகூர்க்காரர் மறந்திருக்க மாட்டார்.)

‘கழிப்பறை பழுதுபார்க்கவே பணமில்லை, மின்னூட்டி ஒரு கேடா?’ என்று ஒரு பெற்றோர் கேட்டார். நியாயமான சினம். ஆனால் நான் பள்ளிப் பணத்தைக் கேட்கவில்லை. பயன்படுத்துவோர் கட்டணம் செலுத்தட்டும். நகராண்மைக் கழகம் இடத்தை மட்டும் ஒதுக்கட்டும்.

உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்று 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் கூறுகிறது. மூவாருக்கான வரைவு அடுத்த முறை வைக்கப்படும்போது, பெற்றோர் ஆசிரியர் சங்கங்களின் கடிதங்கள் அங்கே போய்ச் சேர வேண்டும். இடங்களின் பட்டியலை இப்போதே எழுதத் தொடங்குங்கள்.