வீட்டுக்காரனுக்குத் திண்ணை!

2017 நவம்பர். அமெரிக்காவின் நாஷ்வில் நகரம். பிரிட்ஜ்ஸ்டோன் அரங்கத்துக்குள்ளே கன்ட்ரி இசைக்கான சி.எம்.ஏ. விருது விழா ஜேஜே என்று நடந்துகொண்டிருக்கிறது. வெளியே பிளாட்பாரத்தில் ஒருவர் கிட்டாரும் கையுமாக நின்று பாடுகிறார். எதிரே திறந்து கிடக்கும் கிட்டார் பெட்டி. அதில் விழுகிற காசோடு ஒரு கிராமி விருதும் கிடக்கிறது!

பெயர் ஸ்டர்ஜில் சிம்ப்ஸன். 2013-ல் பழைய பாணிப் பாட்டுகளோடு வந்தவர். 2017 பிப்ரவரியில் சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமியை வாங்கியவர். அன்றைக்கு அரங்கத்துக்குள்ளே அவருக்கு ஒரு நாமினேஷன்கூட இல்லை.

கன்ட்ரி என்றதும் கௌபாய் தொப்பியை மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அது ஏழை வெள்ளைக்காரரும் கறுப்பரும் வயல்காட்டிலும் நிலக்கரிச் சுரங்கத்தின் ஓரத்திலும் சர்ச்சிலும் சேர்ந்து வளர்த்த இசை. பிடில், பேன்ஜோ, அழுகிற மாதிரி இழையும் ஸ்டீல் கிட்டார். நாலு வரியில் ஒரு வாழ்க்கையைச் சொல்லிவிடுகிற பாட்டு.

இந்தப் பாணியில் இன்னமும் சொந்தமாக எழுதிப் பாடுகிறவர்களை நாஷ்வில் எப்படி நடத்துகிறது? 1999-ஐப் பாருங்கள். ஜார்ஜ் ஜோன்ஸ்... கன்ட்ரி உலகத்தின் பீஷ்மர். வயது 68. அதே சி.எம்.ஏ. விழாவில் 'சாய்ஸஸ்' என்ற பாட்டைப் பாடச் சொன்னார்கள். ஆனால், சுருக்கிப் பாட வேண்டுமாம். 'முழுப் பாட்டுக்கு நேரமில்லை என்றால் நானும் இல்லை' என்று பெரியவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். அன்று மேடையேறிய ஆலன் ஜாக்சன், தன் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஜோன்ஸின் பாட்டைப் பாடிவிட்டு இறங்கிப் போனார். கை தட்டினார்கள். அவ்வளவுதான். வியாபாரம் தொடர்ந்தது.

கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: 'பழசு விலை போகாது சார்!'

அப்படியா? கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஒரு கம்பெனி நாடு முழுக்க 40 வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. 1996-ல் வந்த டெலிகம்யூனிகேஷன்ஸ் சட்டம் அந்த வரம்பைத் தூக்கி எறிந்தது. சில வருடங்களிலேயே கிளியர் சேனல் என்ற ஒரே கம்பெனியின் கையில் சுமார் 1,200 நிலையங்கள்! அப்புறம் ஊருக்கு ஊர் ஒரு ரசனை எப்படி இருக்கும்? ஒரே லிஸ்ட், ஒரே பாட்டு. ட்ரக், பீர், பெண் என்று மாற்றி மாற்றி அதையே அரைத்தார்கள்.

கடையில் வைக்காத சரக்கு விற்கவில்லை என்று சொல்வது என்ன நியாயம்?

2015-ல் இந்தப் பொய் வெளுத்தது. கிறிஸ் ஸ்டேபிள்டன் என்று ஒருவர். கென்டக்கிக்காரர். பல வருடம் மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர். மே மாதம் அவருடைய முதல் சோலோ ஆல்பம் வந்தது. வானொலி பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நவம்பரில் சி.எம்.ஏ. மேடையில், டி.வி-யில், ஜஸ்டின் டிம்பர்லேக்கோடு சேர்ந்து பாடினார். அடுத்த வாரம் அமெரிக்காவிலேயே அந்த ஆல்பம்தான் நம்பர் ஒன்! மேடையில் அவர் பாடியவற்றில் ஒன்று, 1983-ல் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடி ஹிட்டான பழைய பாட்டு. ஆக, ஜனங்களுக்குப் பிடிக்காமல் இல்லை. அவர்கள் காதில் விழவே விடவில்லை.

தோற்ற வாதத்தை மரியாதையாகப் பரணில் போடுவதும் ஒரு கலை. 2025-ல் கிராமிக்காரர்கள் சிறந்த கன்ட்ரி ஆல்பம் விருதை இரண்டாக உடைத்தார்கள். ஒன்று 'தற்கால' கன்ட்ரி, இன்னொன்று 'பாரம்பரிய' கன்ட்ரி. கௌரவம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. வீட்டைக் கட்டியவனைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, 'உங்களுக்கென்று தனி இடம் ஒதுக்கியிருக்கிறோம் ஐயா' என்று மாலை போடுவதுபோல் இருக்கிறது. டைலர் சைல்டர்ஸ் கென்டக்கியின் சுரங்கப் பகுதியைப் பற்றி பிடிலோடு இன்றைக்குப் புதுசாக எழுதுகிற பாட்டு, தற்காலம் இல்லாமல் வேறு எந்தக் காலம்?

இந்த அலமாரி பிரிக்கிற வேலை புதிதும் அல்ல. 1920-களில் ரெக்கார்டு கம்பெனிகள் ஒன்றாக வளர்ந்த இசையை வெள்ளைக்காரருக்கு ஒரு பட்டியல், கறுப்பருக்கு ஒரு பட்டியல் என்று பிரித்து விற்றன. பேன்ஜோவே ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்த வாத்தியம்தான்! 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி நிகழ்ச்சியின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி. மவுத் ஆர்கனில் ரயிலையே ஓட்டிக் காட்டிய கறுப்பர். 1941-ல் அவரை அனுப்பிவிட்டார்கள். பிறகு நாஷ்வில்லில் ஷூ பாலிஷ் கடை நடத்திப் பிழைத்தார். 1982-ல் இறந்தார். கன்ட்ரி புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது 2005-ல்!

அதனால்தான் 'பாரம்பரியம்' என்று யாராவது பலகை மாட்டினால் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த வார்த்தையை வைத்தே உள்ளே இருந்தவரை வெளியே தள்ளவும் முடிகிறது. சிம்ப்ஸனும் சைல்டர்ஸும், கறுப்பின முன்னோரின் பேன்ஜோவை மறுபடி கையிலெடுத்த ரியானன் கிடன்ஸும், மியூசியத்துக்குக் காவல் இருப்பவர்கள் அல்ல. அடுப்பை அணையாமல் வைத்திருப்பவர்கள்.

அவர்களுக்குத் தனி விருது வேண்டாம். நாஷ்வில்லின் வானொலியில் தினம் மூணு நிமிஷம் கொடுங்கள். மிச்சத்தைப் பாட்டு பார்த்துக்கொள்ளும்.