காசுக்குக் கிடைக்காத பக்கம்

தமிழ் விக்கிப்பீடியாவின் 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைக் கொஞ்ச நாள் தொடர்ந்து கவனித்தால், யாரோ தம் நிறுவனத்துக்குக் கட்டுரை எழுதியிருப்பது கண்ணில் படும். 'முன்னணி நிறுவனம்', 'வாடிக்கையாளர்களின் நம்பிக்கைக்குரியது' என்று தொடங்கி, கிளைகளின் பட்டியல், உரிமையாளரின் படம், கடைசியில் கைப்பேசி எண் வரை இருக்கும். எழுதியவரின் பயனர் பெயரே சில சமயம் அந்த நிறுவனத்தின் பெயர்தான்.

"புகழ்ச்சியை மட்டும் எடுத்துவிட்டு வைத்துக்கொள்ளலாமே, பாவம், நம்ம ஊர்க்காரர்" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அடைமொழிகளை நீக்கிய விளம்பரம் முன்பைவிட நம்பும்படி இருக்கும், அவ்வளவுதான். கேட்க வேண்டியது வேறு: நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒருவர், காசு வாங்காமல், இதைப் பற்றி விரிவாக எங்கேனும் எழுதியிருக்கிறாரா? விக்கிப்பீடியர்கள் 'குறிப்பிடத்தக்கமை' என்று சொல்வது இதைத்தான். பத்து மேற்கோள்கள் இருந்தாலும், அத்தனையும் கிளைத் திறப்பு விழாச் செய்தியாகவும் நிறுவனமே அனுப்பிய அறிக்கையாகவும் இருந்தால் அவை கணக்கில் வராது. நம் நாட்டில் இதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு செய்தி போடும் பழக்கத்தைப் பற்றி இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2010-லேயே ஓர் அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது.

இதில் ஏமாறுவது வாசகர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2015 ஆகஸ்டில் ஆங்கில விக்கிப்பீடியா 381 கணக்குகளை ஒரேயடியாகத் தடை செய்தது. அவை உருவாக்கிய 210 கட்டுரைகளை நீக்கியது. 'ஆரஞ்ச்மூடி' என்று பெயர் பெற்ற மோசடி அது. அந்தக் கும்பல், வரைவு நிராகரிக்கப்பட்ட சிறுதொழில்காரர்களையும் கலைஞர்களையும் தேடிப் பிடித்தது. அனுபவமுள்ள தொகுப்பாளர்கள் போலப் பேசி, பணம் கொடுத்தால் கட்டுரையை ஏற்றித் தருகிறோம் என்றது. ஏற்றிய பிறகு, நீக்கப்படாமல் காப்பாற்ற மாதாமாதம் பணம் கேட்டது. அதற்கு இரண்டாண்டு முன்பு 'விக்கி-பிஆர்' என்ற நிறுவனத்தின் விவகாரத்தில் 250-க்கும் மேற்பட்ட கணக்குகள் முடக்கப்பட்டிருந்தன. 2014 ஜூனில் விதியும் வந்துவிட்டது: பணம் பெற்றுத் தொகுப்பவர், யாரிடம் பெறுகிறார், யாருக்காக எழுதுகிறார் என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

கட்டுரையிடம் கண்டிப்பு வேண்டும், எழுதிய மனிதரிடம் வேண்டாம். பலருக்கு விதியே தெரியாது. முகநூலில் பக்கம் தொடங்குவது போலத்தான் இதையும் நினைக்கிறார்கள். ஒரு வார்ப்புருவை ஒட்டிவிட்டுப் போகாமல், அவருடைய பேச்சுப் பக்கத்தில் நாலு வரி எழுதினால் புரிந்துகொள்வார். நிறுவனத்தைப் பற்றி ஏற்கெனவே கட்டுரை இருந்து, அதில் தொடங்கிய ஆண்டோ வேறு விவரமோ பிழையாக இருந்தால், கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் ஆதாரத்தோடு கேட்கலாம், திருத்தித் தருவார்கள்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். கட்டுரை நிலைத்துவிட்டால் அது அவருடையது அல்ல. வழக்கு, அபராதம், வேலைநிறுத்தம் எல்லாம் அதில் ஏறும். தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையைப் பற்றி எழுதும் எவரும் 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்ததை விட்டுவிட்டு எழுத முடியாது. அதை எழுதும் உரிமையைக் காப்பாற்றத்தான் விளம்பரக் கட்டுரைகளை நீக்குகிறோம்.

சிறுதொழில் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விக்கிப்பீடியாவில் பக்கம் போட்டுத் தருகிறேன் என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கட்டுரை நிலைக்கும் என்று உறுதி தர எந்த நிர்வாகிக்கும் அதிகாரம் இல்லை; எந்த நிர்வாகியும் அதற்குக் கட்டணம் கேட்பதில்லை. ஏற்கெனவே கொடுத்திருந்தால், வந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருந்து விக்கிப்பீடியா நிர்வாகிகளுக்குத் தெரியப்படுத்துங்கள்.