பிள்ளைகளுக்கு முதலில் ப்ளூஸ் கொடுங்கள்

தீபாவளி விடுமுறை முடிந்ததும் புனே பள்ளிகளில் ஆண்டு விழாப் பேச்சு ஆரம்பித்துவிடும். ஜாஸ் பேண்ட் வைத்திருக்கும் பள்ளியில் "இந்த வருஷம் என்ன வாசிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்பவர்கள் பதிலையும் கையோடு கொண்டுவருவார்கள். கிளென் மில்லரின் 'இன் தி மூட்' வேண்டும், பென்னி குட்மேன் வாசித்த 'சிங், சிங், சிங்' வேண்டும், நேரம் மிச்சமிருந்தால் 'பிங்க் பேந்தர்' வேண்டும். மூன்றுமே அருமையான இசை. ஆனால் வாத்தியத்தைத் தொட்டு ஒன்றிரண்டு வருஷமே ஆன பிள்ளைகளுக்கு அவை ஏற்றவை அல்ல. முதலில் ப்ளூஸ் கொடுக்க வேண்டும்; அதுவும் நிதானமான, எளிய ப்ளூஸ். ஸ்விங் அதன் பின்னால் தானாக வரும்.

நான் ராணுவ பேண்டில் கிளாரினெட்டும் பிறகு சாக்ஸபோனும் வாசித்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். சர்ச் கொயரில் ஸ்டாஃப் நோட்டேஷன் படிக்கப் பழகியதுதான் என்னைப் பட்டாளத்தில் சேர்த்தது. பச்மரி ராணுவ இசைப் பள்ளியில் பயிற்சி. கடைசியாகப் பணிபுரிந்த ஊர் புனே. கட்கியில் வீடு அமைந்துவிட்டது, இங்கேயே தங்கிவிட்டேன். இப்போது ஒரு பள்ளியில் பேண்ட் மாஸ்டர்.

எங்கள் பேண்ட் அறையில் இருப்பவை நான்கு டிரம்பெட், ஐந்து கிளாரினெட், இரண்டு ஆல்ட்டோ சாக்ஸபோன், ஒரு டெனர், ஒரு யூபோனியம், கீபோர்டு, பேஸ் கிட்டார், ஒரு டிரம் செட். டிரோம்போன் கிடையாது. குடியரசு தின அணிவகுப்புக்காகச் சேர்த்த வாத்தியங்கள் இவை. கடையில் வாங்கும் பிக் பேண்ட் அரேஞ்ச்மென்ட்டோ ஐந்து சாக்ஸபோன், நான்கு டிரம்பெட், மூன்று நான்கு டிரோம்போன் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. அதைக் கொண்டுவந்து இந்த அறையில் பிரித்தால் பாதி சுரங்களுக்கு ஆள் இருக்காது.

'சிங், சிங், சிங்'கையே எடுத்துக்கொள்ளுங்கள். லூயி பிரைமா 1936-இல் எழுதியது. குட்மேன் குழு 1937-இல் பதிவு செய்தபோது எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடி, இசைத்தட்டின் இரண்டு பக்கத்தையும் நிரப்பியது. ஜீன் க்ரூப்பாவின் டிரம்ஸ் அதன் முதுகெலும்பு. அந்தப் பாட்டை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால் நடப்பது இதுதான். முதல் டிரம்பெட் வாசிக்கும் பையன் உச்ச சுரங்களைத் துரத்தித் துரத்தி, ஒத்திகை முடிவதற்குள் உதடு வீங்கிப்போய் நிற்பான். மூன்றாவது, நான்காவது டிரம்பெட்டுக்கு நீளமான ஓய்வு, நடுவில் இரண்டு வெட்டு, மறுபடி ஓய்வு. கடைசி வரிசைக் கிளாரினெட் சிறுமி விரல்களை மட்டும் அசைப்பாள், காற்று போகாது. கூட்டத்தில் அது யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். வருஷம் முழுக்க அவள் கற்றுக்கொண்டது அந்தப் பாவனை ஒன்றைத்தான். வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, மறு வருஷம் பேண்டுக்கு வராமல் போகிற பிள்ளைகள் பெரும்பாலும் இந்தக் கடைசி வரிசைப் பிள்ளைகள்தான். அரேஞ்ச்மென்ட் கைக்கு வந்தவுடன் நான் முதலில் பார்ப்பது கடைசிக் கிளாரினெட்டின் பார்ட். அதில் பாடத்தக்க ஒரு மெட்டாவது இருக்கிறதா? இல்லையென்றால் எவ்வளவு பெரிய பாட்டானாலும் எனக்கு வேண்டாம்.

ப்ளூஸ் பன்னிரண்டு பார் கொண்டது. அடிப்படையில் மூன்றே கார்டுகள். ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை என்றால் மொத்தம் நாற்பத்தெட்டு. நம் ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனம். கை போட்டுக் காட்டினால் வீட்டில் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த பிள்ளை ஒரே நாளில் கணக்கைப் பிடித்துக்கொள்ளும். எந்த இடத்தில் கார்டு மாறுகிறது, எங்கே வட்டம் முடிந்து மறுபடி தொடங்குகிறது என்பது உடம்பில் ஏறிவிட்டால், வழி தவறிய பிள்ளைகூடத் தானே திரும்பி வந்து சேர்ந்துகொள்ளும். முப்பத்திரண்டு பார் ஸ்விங் பாட்டில் தொலைந்த பிள்ளை கடைசி வரை தொலைந்ததுதான்.

டியூக் எல்லிங்டனின் 'சி ஜாம் ப்ளூஸ்' 1942-இல் வெளிவந்தது. அதன் மெட்டில் இருப்பவை இரண்டே சுரங்கள். இரண்டு சுரத்தை வைத்துக்கொண்டு ஒரு குழுவே ஆட முடியும் என்று காட்டியவர் எல்லிங்டன். தாளத்தில் எங்கே வைக்கிறோம், எவ்வளவு குட்டையாக வெட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கஷ்டமான சுரங்களைத் தேடி ஓடாத பிள்ளைக்கு இதைக் கவனிக்க மனசு கிடைக்கும்.

எந்த ஸ்ருதியில் எழுதப்பட்டது என்பதும் முக்கியம். டிரம்பெட், கிளாரினெட், டெனர் சாக்ஸ் மூன்றும் பி ஃப்ளாட் வாத்தியங்கள். ஆல்ட்டோ இ ஃப்ளாட். கீபோர்டில் பி ஃப்ளாட்டில் அமைந்த ப்ளூஸ், டிரம்பெட் பிள்ளைக்கு சி ஆகவும் ஆல்ட்டோ பிள்ளைக்கு ஜி ஆகவும் வரும். இரண்டும் அவர்கள் முதலில் படித்த ஸ்கேல்கள். கீபோர்டுக்குச் சுலபம் என்று சி-யில் எழுதினால் ஆல்ட்டோவுக்கு மூன்று ஷார்ப் வந்து விழும். கீபோர்டு வாசிக்கும் ஒருவருக்காக ஊதும் பதின்மூன்று பேரைத் திண்டாடவிடக் கூடாது.

ப்ளூஸ் வாசிக்கும்போது நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிற ஒன்று வெளியே வருவதைப் பார்க்கிறேன். சோலோவுக்கு முதலில் கற்றுக்கொடுக்கும் ஐந்து சுரங்கள் நமக்குச் சுத்த தன்யாசி. இங்கே ஹிந்துஸ்தானி படிக்கும் பிள்ளைகளுக்கு அது தானி ராகம். எங்கள் டெனர் சாக்ஸ் பெண் சதாசிவ் பேட்டில் வாய்ப்பாட்டு படிக்கிறாள். ப்ளூஸின் உயிரே கோமல் காந்தாரத்துக்கும் சுத்த காந்தாரத்துக்கும் நடுவே இழுபடும் அந்தச் சுரம். கீபோர்டில் அது வராது. இரண்டு கட்டைக்கும் இடையில் வேறு கட்டை இல்லை. அவளிடம் "நீ பாடுவதுபோல ஊது" என்றேன். உதட்டைத் தளர்த்தி கீழேயிருந்து இழுத்து ஏற்றினாள். கிளாரினெட் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பன்னிரண்டு பாருக்கு நான் ஒரு சுரமும் எழுதித் தரவில்லை. பல அரேஞ்ச்மென்ட்களில் சோலோவையும் அச்சடித்தே கொடுத்துவிடுகிறார்கள். பயந்த பிள்ளைக்கு ஆரம்பத்தில் அது ஊன்றுகோல், சரிதான். ஆனால் விழாவில் அதையே ஒப்பித்தால் அது ஜாஸ் ஆகாது.

ஸ்விங் நடையில் அணிவகுப்புப் பிள்ளைகள் முதலில் தடுமாறுவார்கள். லெஃப்ட், ரைட் என்று சமமாக அடித்துப் பழகிய கை அது. நான் காகிதத்தை மூடிவைக்கச் சொல்லிவிட்டு 'தகிட' சொல்ல வைப்பேன். பிறகு 'கி'யை வாய்க்குள் விழுங்கி, 'த'வையும் 'ட'வையும் மட்டும் வெளியே விடச் சொல்வேன். நடுத்தர வேகத்து ஸ்விங் கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறது. வேகம் கூடக்கூட இரண்டும் சமத்தை நோக்கி நகரும். அதைக் கேட்டுத்தான் பழக வேண்டும். எங்கள் டிரம்மர் கணபதி உற்சவத்தில் தோல்-தாஷா பதக்கில் தாஷா அடிக்கும் பையன். மழைக்காலம் முழுக்க ஆற்றங்கரையில் ஒத்திகை பார்த்து இரும்பாகிவிட்ட கை. அவனிடம் தாளம் ஒருநாளும் நழுவாது. சத்தத்தைக் குறைப்பதுதான் அவன் படிக்க வேண்டிய பாடம். நிதானமான ப்ளூஸில் ரைடு சிம்பலை மட்டும் வைத்துக்கொண்டு, பேஸ் கிட்டாரின் காலடி காதில் விழும் அளவுக்கு அடங்கி வாசிக்க அவன் கற்றுக்கொண்டான். 'சிங், சிங், சிங்' கொடுத்திருந்தால் தனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் இன்னும் பலமாக அடித்திருப்பான்.

மெதுவாக வாசிப்பது சுலபம் என்று நினைக்கிற பெற்றோர் கவுண்ட் பேஸி குழுவின் 'லில் டார்லின்' கேட்க வேண்டும். நீல் ஹெஃப்டி எழுதியது, 1957-இல் பதிவானது. அவர் மனதில் வைத்திருந்த வேகத்தைவிடக் குறைத்து வாசித்தார் பேஸி. அத்தனை பேரும் ஒரே மூச்சில், அவசரப்படாமல், சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தைத் தாங்கி நிற்கிறார்கள். என் பிள்ளைகளுக்கு அது இன்னும் எட்டவில்லை. ஆனால் ஒத்திகை தொடங்கும் முன் அடிக்கடி போட்டுக் கேட்க வைக்கிறேன்.

"ப்ளூஸ் என்றால் சோகம், நல்ல நாளில் எதற்கு?" என்று ஒரு தாய் வருத்தத்தோடு கேட்டார். 'இன் தி மூட்' பாட்டின் முதல் பகுதியே பன்னிரண்டு பார் ப்ளூஸ்தான் என்று வாசித்துக் காட்டினேன். துன்பப்பட்ட கறுப்பின மக்கள் உண்டாக்கிய இசை அது, உண்மை. அவர்கள் அதை வைத்து ஆடவும் செய்தார்கள்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்" என்பவர்களுக்கும் பதில் உண்டு. கோவாவின் சர்ச் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு வயலினும் நோட்டேஷனும் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கிருந்து கிளம்பியவர்கள்தான் இந்திய ஜாஸை நடத்தினார்கள். லியான் அபியின் கறுப்பினக் குழு 1935-இல் பம்பாய் தாஜ் ஹோட்டலுக்கு வந்தபோது, பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள அவர்கள் தயாராக இருந்தார்கள். அல்டோனா கிராமத்து அந்தோனியோ சேவியர் வாஸ், 'சிக் சாக்லேட்' என்ற பெயரில் டிரம்பெட் வாசித்து, இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் என்று பேர் வாங்கினார். அவரை சினிமா இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சி. ராமச்சந்திரா. மகாராஷ்டிரத்துக்காரர், முறையாக ஹிந்துஸ்தானி படித்தவர், 1951-இல் 'அல்பேலா' படத்தில் ஸ்விங்கை நாடு முழுக்க முணுமுணுக்க வைத்தவர். அதற்குப் பத்து வருஷம் முன்பே தவமணி தேவி நடித்த 'வனமோகினி' என்ற தமிழ்ப் படத்துக்கும் அவர்தான் இசை. சென்னையில் பியானோ கற்றுக்கொடுத்து 2015-இல் மறைந்த மாதவ் சாரியும், ப்ளூஸும் ஸ்விங்கும் இல்லாமல் ஜாஸ் இல்லை என்பதில் விட்டுக்கொடுக்காதவர்.

செலவைப் பற்றியும் பேச வேண்டும். வெளிநாட்டில் ஓர் அரேஞ்ச்மென்ட் வாங்க ஐம்பது அறுபது டாலர் ஆகிறது. டிரோம்போன் இல்லாத அறைக்கு அது வீண் செலவு. ஜெராக்ஸ் எடுத்துக் கைமாற்றுவதை நான் ஏற்கவில்லை. மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் மட்டும் கூடியிருக்கும் பள்ளி நிகழ்ச்சியில் வாசிப்பதற்கு 1957 காப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. அடுத்தவர் அச்சிட்டதை நகலெடுத்து விநியோகிப்பது வேறு விஷயம். இதற்கு நல்ல வழி டபிள்யூ. சி. ஹேண்டி. அவருடைய 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' 1914-இல் வெளிவந்தது. ஹேண்டி 1958-இல் காலமானார். நம் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு கழிந்துவிட்டதால், 2019 முதல் அது எல்லோருக்கும் பொது. யாரிடமும் அனுமதி கேட்காமல் நம் அறையில் இருக்கும் வாத்தியங்களுக்கு ஏற்றபடி நாமே எழுதிக்கொள்ளலாம். பன்னிரண்டு பார் ப்ளூஸ், நடுவில் ஹாபனேரா தாளத்தில் மைனரில் பதினாறு பார், மறுபடி ப்ளூஸ் என்று பிள்ளைகளுக்கு அலுக்காத அமைப்பு.

பள்ளி நிர்வாகங்களிடம் நான் கேட்பது, என்ன வாசிப்பது என்பதை ஜூனில் பள்ளி திறந்த வாரமே முடிவு செய்யுங்கள், அந்த முடிவை பேண்ட் மாஸ்டரிடம் விடுங்கள். 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' பாட்டை பி ஃப்ளாட்டில், டிரோம்போன் பார்ட்டை யூபோனியத்துக்கு மாற்றி, ஐந்து கிளாரினெட்டுக்கும் தனித்தனி மெட்டு வைத்து எழுதி முடித்திருக்கிறேன். சோலோ வரும் பன்னிரண்டு பாரில் கார்டு பெயர்கள் மட்டும் இருக்கும், சுரங்கள் இருக்காது. புனேயிலோ தமிழ்நாட்டிலோ எந்தப் பள்ளி பேண்ட் மாஸ்டர் கேட்டாலும் கட்டணம் இல்லாமல் தருகிறேன்.