முதல் ஸ்தானம் யாருக்கு?

வாசகர் ஒருவர் நமக்கு வம்பை விலைக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். "பழைய காலத்துக் கால்பந்து ஆட்டக்காரர்களில் தலைசிறந்தவர்கள் யார் யார்? ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தி எழுதவும்" என்று ஒரு தபால் கார்டில் மூன்றே வரிகளில் கேட்டுவிட்டு அவர் நிம்மதியாக இருக்கிறார். நமது காரியாலயத்திலோ மூன்று நாட்களாக வேலை ஓடவில்லை. கல்யாணப் பந்தியில் எந்தச் சம்பந்தியை முதல் இலையில் உட்கார வைப்பது என்னும் பிரச்னைகளையெல்லாம் சாமர்த்தியமாகத் தீர்த்து வைத்தவரான நமது நண்பர் ஒருவர்கூட, இந்த விஷயத்தில் கையை விரித்துவிட்டார். "சம்பந்திகளாவது எதிரே நிற்கிறார்கள், ஆளைப் பார்த்து எடை போடலாம். நீங்கள் சொல்லும் ஆசாமிகளின் ஆட்டத்தை நம்மில் ஒருவரும் பார்த்ததில்லையே!" என்றார்.

அவர் சொன்னது வாஸ்தவந்தான். இக்காலத்தில் ஒரு பந்தயம் நடந்தால், நாலா பக்கமும் காமிராக்கள் நின்று ஆட்டக்காரர் மூக்கைச் சொறிவதைக்கூடப் படம் பிடித்து விடுகின்றன. அக்காலத்து மகா வீரர்களைப் பற்றியோ, மங்கலான சில அடிப் படச்சுருளும், பத்திரிகைக் குறிப்புகளும், பார்த்தவர்கள் சொல்லிப் போன வார்த்தைகளுமே மிஞ்சியிருக்கின்றன.

கோல்களை எண்ணிப் பார்த்து வரிசைப்படுத்திவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. பிரேஸில் தேசத்தில் ஆர்தர் பிரீடன்ரைக் என்று ஒருவர் இருந்தார். ஜெர்மானியத் தகப்பனாருக்கும் கறுப்பு வம்சத்துத் தாயாருக்கும் 1892-ல் பிறந்தவர். 1919-ல் தென் அமெரிக்கச் சாம்பியன் பட்டத்தைப் பிரேஸிலுக்கு வாங்கித் தந்த கோல் அவருடையது. அவர் ஆயிரத்துக்கு மேல் கோல் போட்டார் என்று வெகு காலம் சொல்லி வந்தார்கள். பிற்காலத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டி எண்ணியவர்களுக்கோ, அதில் ஏறக்குறையப் பாதிக்கே ஆதாரம் கிடைத்தது. கணக்கும் கர்ண பரம்பரையும் இப்படிக் கலந்து கிடக்கும்போது, எண்ணிக்கையை மட்டும் நம்பி எப்படித் தீர்ப்புச் சொல்வது?

ஆகையால் நாம் சில விதிகளை வகுத்துக் கொண்டோம். 1950-ம் வருஷத்தை எல்லைக் கோடாக வைத்தோம். அந்த வருஷத்தில்தான் இங்கிலாந்து முதன் முதலாக உலகக் கோப்பைப் பந்தயத்தில் கலந்து கொண்டது. அமெரிக்காவிடம் ஒரு கோலில் தோற்றும் போயிற்று. 1932-ல் ஆடத் தொடங்கி, 1965-ல் ஐம்பது வயது நிறைந்த பிறகும் முதல் டிவிஷனில் ஆடிய ஸர் ஸ்டான்லி மாத்யூஸை என்ன செய்வது என்று ஒரு விவாதம் கிளம்பிற்று. ஒரு காலை ஒரு காலத்திலும் மற்றொரு காலை இன்னொரு காலத்திலும் ஊன்றி நின்ற அவரை, வணக்கத்துடன் ஒதுக்கி வைத்தோம். மற்றவர்களை மூன்று கேள்விகளால் சோதித்தோம். ஆட்டத்தில் அவர் சாதித்தது என்ன? யாரை எதிர்த்துச் சாதித்தார்? அவருக்குப் பிறகு ஆட்டம் ஏதாவது மாறியதா?

ஆறாவது ஸ்தானம் இங்கிலாந்தின் டிக்ஸி டீனுக்கு. எவர்டன் சங்கத்துக்காக 1927-28 பருவத்தில் 39 ஆட்டங்களில் 60 கோல்கள் போட்டவர். அந்தப் பெருமையை இன்று வரையில் அங்கே ஒருவரும் பறிக்கவில்லை. ஆனால் 1925-ல் ஆப்ஸைடு விதி தளர்த்தப்பட்டதை மறக்கக் கூடாது. அதற்கு முன் பந்தைப் பெறுகிறவனுக்கும் எதிரியின் கோல் கோட்டுக்கும் இடையில் மூன்று எதிரிகள் இருந்தாக வேண்டும். பிறகு இருவர் போதும் என்றாயிற்று. தடுப்பவர்கள் புது விதிக்குப் பழகுவதற்குள் கோல்கள் மழையாகப் பொழிந்தன. மழை எல்லார் வீட்டிலும் பெய்தது. அறுபது குடம் பிடித்தவர் டீன் ஒருவரே.

ஐந்தாவது ஸ்தானம் ஸ்பெயின் தேசத்துக் கோல் காப்பாளர் ரிக்கார்டோ ஸமோராவுக்கு. 1929-ல் மாட்ரிட் நகரில் இங்கிலாந்தை 4-3 என்று ஸ்பெயின் ஜயித்தபோது கோலில் நின்றவர் அவர். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இங்கிலாந்து தோல்வியைக் கண்டது அதுவே முதல் தடவை. இன்றும் ஸ்பெயினில் குறைந்த கோல் விட்ட காப்பாளருக்குக் கொடுக்கும் பரிசு அவர் பெயரில் இருக்கிறது.

நாலாவது ஸ்தானம் 'கறுப்பு வைரம்' என்று பெயரெடுத்த பிரேஸில் லியோனிதாஸுக்கு. 1938 உலகக் கோப்பையில் ஏழு கோல்கள் போட்டு, அந்தப் பந்தயங்களின் முதல் கோல் வீரராக விளங்கினார். அந்தரத்தில் மல்லாந்து தலைக்கு மேலாகப் பந்தை உதைக்கும் வித்தையைப் பிரபலப்படுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். இத்தாலியுடன் அரை இறுதி ஆட்டத்தில் அவர் ஆடவில்லை; பிரேஸில் 2-1 என்று தோற்றது. அவர் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிரேஸில்காரர்கள் இன்னும் பெருமூச்சு விடுகிறார்கள்.

மூன்றாவது ஸ்தானம் இத்தாலியின் ஜூஸெப்பே மியாஸாவுக்கு. 53 சர்வதேச ஆட்டங்களில் 33 கோல்கள். 1934-லும் 1938-லும் உலகக் கோப்பை. இரண்டாவது தடவை கோஷ்டியின் தலைமைப் பதவி. இவரையே முதலில் வைக்க வேண்டும் என்று நமது காரியாலயத்தில் ஒரு கட்சி வாதாடியது. முஸோலினியின் ஆட்சி அந்த வெற்றிகளைத் தன் சொந்த வெற்றியாகத் தம்பட்டம் அடித்ததே என்று எதிர்க் கட்சி கேட்டது. தம்பட்டம் அடித்தவனுடைய குற்றத்துக்காகப் பந்தை உதைத்தவனுடைய மார்க்கைக் குறைப்பது நியாயமல்ல. ஆனால் 1934 பந்தயம் இத்தாலியின் சொந்த மண்ணில் நடந்தது என்பதையும், மியாஸாவின் பக்கத்தில் அபாரமான ஆட்டக்காரர்கள் பலர் இருந்தார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டியதாயிற்று.

இனி மிஞ்சியவர்கள் இருவர். உண்மையான சண்டை இங்கேதான் ஆரம்பித்தது.

வியன்னா நகரத்து மத்தியாஸ் ஸிண்டலார், 1903-ல் மொரேவியாவில் பிறந்தவர். மெலிந்த தேகம்; ஆகையால் 'காகித மனிதர்' என்று பெயர். காகிதம் காற்றில் நழுவுவதுபோல் முரட்டுத் தடியர்களுக்கிடையே நழுவிச் செல்வாராம். ஹூகோ மெய்ஸ்ல் வளர்த்த ஆஸ்திரியக் கோஷ்டிக்கு அவர்தான் நடுநாயகம். 1931-ல் அக்கோஷ்டி ஸ்காட்லாந்தை 5-0 என்றும், ஜெர்மனியை பெர்லினில் 6-0 என்றும், வியன்னாவில் 5-0 என்றும் தோற்கடித்தது. பலசாலிகள் முட்டி மோதும் ஆட்டத்தை, சிறு சிறு உதைகளால் பந்தைக் கைமாற்றும் கலையாக்கிக் காட்டியவர்கள் அவர்கள்.

1938 மார்ச் மாதத்தில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினான். ஏப்ரல் 3-ந் தேதி, இரு தேசங்களும் ஒன்றாகிவிட்டதைக் கொண்டாட வியன்னாவில் ஒரு பந்தயம் நடந்தது. தேசமே போய்விட்ட ஆஸ்திரியக் கோஷ்டிக்கு அதுதான் கடைசி ஆட்டம். முதல் பாதியில் கோல் விழவில்லை. பிறகு ஸிண்டலார் ஒரு கோல் போட்டார். அவருடைய தோழர் ஸெஸ்டா இன்னொன்று போட்டார். 2-0. நாஜி அதிகாரிகளின் முன்பு ஸிண்டலார் கூத்தாடினார் என்று ஒரு கதை உண்டு. அதற்கு நாம் உத்தரவாதம் இல்லை. ஆனால் அதன் பிறகு ஜெர்மானியக் கோஷ்டியில் ஆட அழைத்தபோது, வயதையும் காயத்தையும் காரணமாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார் என்பது பிரசித்தம். 1939 ஜனவரியில் ஒரு நாள், தம் காதலியின் வீட்டில் விஷப் புகையால் மூச்சடைத்து இறந்து கிடந்தார்.

அடிமைப்பட்ட ஒரு தேசத்தின் பெயரை மார்பில் தாங்கி, விழுங்கியவனை அவன் கண்ணெதிரே தோற்கடித்தவன்! அந்நிய ஆட்சியின் கசப்பை அறிந்த நமக்கு இதைக் காட்டிலும் உள்ளத்தை உருக்கும் சரித்திரம் வேறு உண்டா? பேனாவை எடுத்து 'முதல் ஸ்தானம்' என்று எழுதியும் விட்டோம். அப்போது இரண்டு விஷயங்கள் கையைப் பிடித்து நிறுத்தின. முதலாவது, அதே 1938-ல் ஸிண்டலார் வியன்னாவில் ஒரு காப்பி ஹோட்டலை வாங்கினார். நாஜிச் சட்டங்களால் துரத்தப்பட்ட ஒரு யூதருடைய ஹோட்டல் அது. கொடுத்த விலை நியாயமா என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் தர்க்கம் செய்கிறார்கள். இரண்டாவது, நாம் வகுத்த விதிகள் ஆட்டத்துக்கு மார்க் போடத்தான். சரித்திரத்தின் சோகத்துக்கு அல்ல. அந்த அற்புதக் கோஷ்டி 1934 உலகக் கோப்பை அரை இறுதியில் இத்தாலியிடம் தோற்றது. மனத்தைக் கல்லாக்கிக் கொண்டு ஸிண்டலாரை இரண்டாவது ஸ்தானத்தில் வைத்தோம்.

முதல் ஸ்தானம் உருகுவே தேசத்து ஹோஸே லியாந்த்ரோ ஆந்த்ராதேக்கு.

உருகுவே, அர்ஜென்டினாவுக்கும் பிரேஸிலுக்கும் இடையில் ஒட்டிக் கொண்டிருக்கும் சின்னஞ்சிறு நாடு. 1924-ல் அந்நாட்டுக் கோஷ்டி கடல் கடந்து பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போயிற்று. ஐரோப்பாவில் அவர்களை அறிந்தவர் அதிகம் பேர் இல்லை. முதல் ஆட்டத்தில் யூகோஸ்லாவியாவை 7-0 என்று ஜயித்தார்கள். பிறகு அமெரிக்கா, பிரான்ஸ், ஹாலந்து. இறுதியில் ஸ்விட்ஸர்லாந்து 3-0. கோஷ்டியின் வலப்புற நடுக்காவலில் நின்ற உயரமான கறுப்பு மனிதரைப் பார்த்து பாரிஸ் நகரம் பிரமித்து, 'கறுப்பு அற்புதம்' என்று பெயர் சூட்டிற்று. எதிரியிடமிருந்து பந்தைப் பறிப்பதும், பறித்த மறுகணமே தாக்குதலைத் தொடங்கி வைப்பதும் ஒரே அசைவாக அவரிடம் இருந்தன என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் மறுபடியும் ஒலிம்பிக் தங்கம். 1930-ல் முதல் உலகக் கோப்பை. ஆறு வருஷத்துக்குள் மூன்று பெரும் பட்டங்கள். மூன்றிலும் ஆந்த்ராதே ஆடினார்.

பட்டங்கள் மட்டுமல்ல காரணம். நிறத்தைக் கொண்டு மனிதனை அளந்த காலத்தில், வெள்ளையர்களின் தலைநகரத்தில், அவர்களுடைய ஆட்டத்தை அவர்களைவிட அழகாக ஆட முடியும் என்று ஒரு கறுப்பர் நிரூபித்துக் காட்டினார். பின்னால் வந்த பெலேக்கும் மற்றவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டவர்களில் அவர் முன்னணியில் நிற்பவர். கதவைத் திறந்தவருக்குக் கிடைத்த கூலியோ வறுமை. 1957-ல் மான்ட்விடியோவில் ஏழையாக இறந்து போனார்.

"எல்லாம் சரி, நம் நாட்டார் ஒருவர்கூடவா இல்லை?" என்று நேயர்கள் கேட்பது நம் காதில் விழுகிறது.

1911 ஜூலை 29-ந் தேதி, கல்கத்தாவில், மோகன் பகான் சங்கத்தார் ஒருவர் தவிர எல்லாரும் வெறுங்காலுடன் ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தை 2-1 என்று ஜயித்துக் கேடயத்தைக் கொண்டு போனார்கள். தலைவர் சிவதாஸ் பாதுரி சமன் செய்தார்; அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோல் போட்டார். அதற்கு அடுத்து வந்த கோஷ்ட பால், பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரர்களை வெறுங்காலால் தடுத்து 'சீனப் பெருஞ்சுவர்' என்று பெயர் வாங்கினார். முகம்மது ஸலீம் 1936-ல் ஸ்காட்லாந்து சென்று, பாதத்தில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக் கொண்டு, ஸெல்டிக் சங்கத்துக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடி அவ்வூராரைத் திகைக்க வைத்தார்.

இவர்களை ஏன் வரிசையில் சேர்க்கவில்லை? அபிமானத்தால் சேர்த்திருந்தால் வரிசையே பொய்யாகியிருக்கும். 1948-க்கு முன்னால் இந்தியக் கோஷ்டி எதுவும் ஒலிம்பிக்ஸிலோ உலகக் கோப்பையிலோ கால்பந்து ஆடியதில்லை. உலகக் கோப்பை ஆடாத டீனுக்கு இடம் கொடுத்தீர்களே என்றால், அவருடைய அறுபது கோல்களும் தேதியுடனும் எதிரியின் பெயருடனும் ஏட்டில் இருக்கின்றன. கோஷ்ட பால் எத்தனை கோல்களைத் தடுத்தார் என்பதற்கு ஏடு எங்கே? அவரை ஆந்த்ராதேக்குக் கீழே வைப்பதற்கும் நமக்கு ஆதாரமில்லை. மேலே வைப்பதற்கும் ஆதாரமில்லை. ஆகவே நமது வரிசையில் எண் போடாத ஓர் இடத்தை விட்டு வைத்திருக்கிறோம்.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1950-க்கு முன் நடந்த பந்தயங்களைக் கண்ணால் கண்டவர்களுக்கு இப்போது தொண்ணூறு வயதை ஒட்டியிருக்கும். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ அப்படி ஒரு தாத்தா இருந்தால், எந்த மைதானத்தில், எந்த வருஷம், யார் ஆடப் பார்த்தார் என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நம்முடைய வரிசை தப்பு என்று கார்டு எழுதுவதை அதற்குப் பிறகு வைத்துக் கொள்ளலாம். கார்டுகள் எப்படியும் வரத்தான் போகின்றன. தாத்தா காத்திருக்க மாட்டார்.