அறை வாடகையில் யாருக்கெல்லாம் பங்கு?

உந்துவப் போயாவில் தொடங்கி வெசாக் வரை நீளும் சிவனொளிபாதமலைப் பருவமும், 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த சிங்கராஜ வனமும், உடவளவை யானைகளும் இரத்தினபுரி மாவட்டத்துக்கு ஆட்களை இழுக்கின்றன. வருகிறவர்களுக்கு இடம் கொடுப்பவற்றில் வீட்டோடு சேர்ந்த சிறு விடுதிகள் பல. அறை தேடுவது மட்டும் புக்கிங்.காம், அகோடா போன்ற வெளிநாட்டுத் தளங்களில்.

இத்தளங்களின் வருமானம் விடுதிக்காரர் கொடுக்கும் தரகு. அது பொதுவாக 15 சதவீதம் அளவில் இருக்கும். தேடலில் முன்னால் தெரிய வேண்டுமானால் இன்னும் கூடும். இரவுக்கு 10,000 ரூபா வீதம் மூன்று இரவு தங்கினால் வாடகை 30,000 ரூபா. அதில் 4,500 ரூபா தரகாகப் போய்விடும். மின்கட்டணம், படுக்கை விரிப்புச் சலவை, சமையலாளின் சம்பளம் எல்லாம் மீதியில்தான். பெரிய ஹோட்டல் குழுமம் பேரம் பேசித் தரகைக் குறைத்துக்கொள்ளும். நான்கு அறை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த வலு இல்லை. தரகுப் பணம் ஊர்க் கடைக்கும் வராது, நாட்டிலும் தங்காது.

விடுதிக்காரரிடம் நேரே பேசினால் இந்தத் தொகை இரு தரப்புக்கும் பகிரக் கிடைக்கிறது. விலை கொஞ்சம் குறையலாம், அல்லது காலைச் சாப்பாடு சேரலாம். இதைத் தடுக்கவே, விடுதியின் சொந்த இணையப் பக்கத்தில் தங்களைவிட மலிவாக விலை போடக்கூடாது என்று தளங்கள் நிபந்தனை வைத்தன. ஜேர்மனியின் போட்டிக் கண்காணிப்பு அமைப்பு 2015இல் புக்கிங்.காமுக்கு அதைத் தடைசெய்தது. பிரான்ஸ் அதே ஆண்டு சட்டம் கொண்டுவந்தது. 2022இல் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்–கோஐபிபோ பயணத் தளங்களுக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்ததற்கும் இத்தகைய நிபந்தனை ஒரு காரணம்.

நேரே பேசுவதில் பணத்துக்கு அப்பாலும் பயன் உண்டு. பலாபத்தலை வழியாகச் சிவனொளிபாதமலை ஏறி விடியலில் இறங்குபவருக்கு அறை காலையிலேயே தேவை. சிங்கராஜ வனத்தின் குடாவ வாசலுக்குப் போகிறவருக்கு வெத்தாகலவிலிருந்து ஜீப் வேண்டுமா, மழையில் அட்டைக் கடிக்கு என்ன செய்வது என்பதெல்லாம் வீட்டுக்காரர் ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லிவிடுவார்.

தளங்களால் நன்மையே இல்லை என்பதல்ல. விளம்பரத்துக்கு வழியற்ற விடுதியை வெளியுலகுக்குக் காட்டுபவை அவையே. ரத்துச் செய்யும் வசதியும் பிறர் அனுபவக் குறிப்புகளும் அங்கே கிடைக்கின்றன. தளத்தில் பதிந்துவிட்டு, அதை ரத்துச் செய்து காசைக் கையில் கொடுப்பது முறையல்ல. அது விடுதிக்காரரின் ஒப்பந்தத்துக்கே ஆபத்து.

நேரே பதிகிறவர் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் விடுதி பதிவாகியுள்ளதா எனப் பார்க்க வேண்டும். விலை, வரி, ரத்து நிபந்தனை மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் பெற்று, முற்பணத்தைச் சிறு தொகையாக வங்கி மூலம் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்வது நல்லது. முதல் பயணத்துக்குத் தளம் உதவட்டும். அதே வீட்டுக்கு மறுமுறை போகும்போது அழைப்பு நேரே வீட்டுக்காரருக்குப் போகட்டும்.