எல் நினோ என்றால் வறட்சி மட்டும்தானா?

தொலைக்காட்சியில் 'எல் நினோ' என்ற பேச்சு வந்தாலே, எங்கள் கீழ்வேளூர்ப் பக்கத்து டீக்கடையில் "இந்த வருஷம் வெள்ளாமை போச்சு" என்கிறார்கள். கடைமடையில் நெல் போடுகிறவன் நான். அந்தப் பேச்சில் பாதிதான் சரி.

எல் நினோ ஸ்பானிய மொழிச் சொல். சின்னப் பையன் என்று அர்த்தம். குழந்தை இயேசுவையும் குறிக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் கரையோரம் வரும் வெதுவெதுப்பான நீரோட்டத்துக்குப் பெரு நாட்டு மீனவர்கள் வைத்த பெயர் இது. அந்த நீரோட்டம் பலமானால் அங்கே நெத்திலி இன மீன்பாடு படுத்துவிடும். நம் மீனவர்கள் காற்றுக்குக் கொண்டல், வாடை, சோழகம், கச்சான் என்று பெயர் வைத்தார்கள் அல்லவா, அப்படித்தான். பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாவதை விஞ்ஞானிகள் பின்னாளில் அந்தப் பெயராலேயே அழைத்தார்கள்.

அந்தச் சூடு தென்மேற்குப் பருவமழையைப் பெரும்பாலும் குறைக்கும். குடகில் மழை இல்லாவிட்டால் மேட்டூர் அணைக்குக் காவிரியில் வரத்து இல்லை. 2023-இல் வழக்கப்படி ஜூன் 12 அன்று அணையைத் திறந்தார்கள். அக்டோபர் 10-ஆம் தேதியே மூடிவிட்டார்கள். முறை வைத்து விட்ட தண்ணீர் எங்கள் மதகைத் தாண்டவில்லை. வயல் பாளம் பாளமாக வெடித்தது, குறுவை கருகியது.

வடகிழக்குப் பருவமழைக்கோ கணக்கு வேறு. தமிழகக் கரையில் எல் நினோ பெரும்பாலும் அந்த மழையைக் கூட்டிவிடும். 2015-இல் சென்னை மூழ்கியது எல் நினோ ஆண்டில்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதும் அப்படியே. எல் நினோ விலகி, எதிர்ப்பக்கமான லா நினா தலைகாட்டிய 2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து சம்பா காய்ந்தது. ஆனால் 2021-இல் லா நினாவிலும் அடைமழை பெய்தது. ஆகவே இது வாய்ப்புதான், சத்தியவாக்கு அல்ல.

காய்ந்த குறுவையை நினைத்துக்கொண்டு மழைக்கான வேலையைக் கோட்டைவிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். வடிகால்களில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தால், ஐப்பசி மழை வடிய வழியில்லை. இளம் சம்பா நாலு நாள் மூழ்கினால் வேர் அழுகிவிடும்.

வானிலைச் செய்தி தருபவர்களே, மேட்டூர் வரத்துக்கு என்ன, டெல்டா மழைக்கு என்ன என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். நீர்வளத்துறை, எல் நினோ அறிவிக்கப்பட்ட ஆண்டில் புரட்டாசி முடிவதற்குள் கடைமடை வடிகால்களைத் தூர்வாரிவிட வேண்டும்.